விதைநெல்லைச் செலவுக் கணக்கில் எழுதலாமா?



"நன்கொடை கேட்டு வீட்டுக்கு வரும் கடிதம் வீண் செலவு" என்று இந்தப் பட்டிமன்றத்தில் எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சொன்னார். காகிதம், அச்சுக்கூலி, தபால்தலை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் காட்டினார். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அண்ணே, நீங்கள் நாற்றங்காலிலேயே நின்று கணக்கை மூடிவிட்டீர்கள். அறுப்பு வரைக்கும் வரவே இல்லை.

முன்பின் தெரியாத ஆயிரம் வீடுகளுக்குக் கடிதம் போட்டால், பதில் வருவது சில வீடுகளிலிருந்துதான். முதல் கடிதத்தில் போட்ட காசுகூடப் பல சமயம் திரும்பாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சில வீடுகளில் பல அடுத்த வருஷமும் கொடுக்கும், அதற்கடுத்த வருஷமும் கொடுக்கும்.

எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. தொழுநோயாளிகளைப் பராமரிக்கும் ஓர் இல்லத்திலிருந்து அம்மாவுக்கு வருஷம் தவறாமல் கடிதம் வரும். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் என்னை வாசிக்கச் சொல்வார். மறுநாள் பத்து ரூபாய் மணியார்டர் போகும். இல்லத்தார் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு திரும்பி வந்ததும், கரண்டு பில்லோடு சேர்த்துக் கம்பியில் குத்தி வைப்பார். "இந்த நோய் மருந்தால் குணமாகும், தொட்டால் ஒட்டிக்கொள்ளாது" என்று நான் முதன்முதலில் படித்தது அந்தக் கடிதத்தில்தான். எங்கள் தெருவில் விரல் மடங்கிப்போன ஒரு பாட்டி இருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் யாரும் உட்கார மாட்டார்கள். கடிதம் வாசித்த அந்த வாரம் அம்மா போய் உட்கார்ந்தார். அண்ணே, இதை வரவில் எழுதுவீர்களா, செலவில் எழுதுவீர்களா?

டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்று ஒரு தபால் ஊழியர். வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது, உறை ஒவ்வொன்றிலும் காசநோய்க் குழந்தைகளுக்காகக் காசு கொடுத்து வாங்கிய ஒரு சின்ன வில்லை ஒட்டினால் என்ன என்று நினைத்தார். 1904 கிறிஸ்துமஸுக்கு 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸெல் என்ற அம்மையார், மூடப்போகும் ஒரு சிறு காசநோய் இல்லத்தைக் காப்பாற்ற 300 டாலர் தேடினார். வில்லை ஒன்று ஒரு சென்ட். கிடைத்தது பத்து மடங்கு! பிறகு அந்த வில்லைகளைத் தாள்தாளாக வீடுகளுக்கே தபாலில் அனுப்பி நன்கொடை கேட்கும் வழக்கம் அங்கே ஊன்றிப்போனது. வீட்டுக்குள் ஒளித்துப் பேசிய ஒரு நோயின் பேரை ஊரறிய உறை மேல் ஒட்டவைத்ததே, அதுதான் பெரிய காரியம். நம் நாட்டிலும் டிபி வில்லை வந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய ஞாபகம் இங்கே பலருக்கு இருக்கும்.

போலியோவையும் சொல்லிவிடுகிறேன். 1938-இல் அமெரிக்காவில், போலியோவை எதிர்க்க "ஆளுக்குப் பத்து சென்ட் அதிபருக்கு அனுப்புங்கள்" என்று வானொலி கேட்டது. தபால்காரர்கள் வெள்ளை மாளிகைக்குச் சுமந்த நாணயம் 26 லட்சத்து 80 ஆயிரம். காசு அனுப்பிய அதே மக்கள், 1954-இல் போலியோ தடுப்பூசிச் சோதனைக்குத் தங்கள் பிள்ளைகளையே அனுப்பினார்கள். பங்கேற்ற குழந்தைகள் ஏறக்குறைய 18 லட்சம். பத்து சென்ட் கொடுத்தபோதே அவர்கள் அந்த வேலையில் பங்காளி ஆகிவிட்டார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரே ஒரு பணக்காரரை நம்பி நடக்கும் இல்லம், அவர் கை மூடினால் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஆயிரம் பேரின் நூறு ரூபாயில் நடக்கும் இல்லத்துக்கு அந்தப் பயம் இல்லை.

அழுகிற குழந்தை படத்தைப் போட்டு நம்மை மிரட்டும் கடிதங்களும் உண்டு. கணக்கே காட்டாதவர்களும் உண்டு. அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள், நானும் கூட நிற்கிறேன். பதர் இருக்கிறது என்பதற்காக நெல்லையும் சேர்த்துக் கொட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

தாய்மார்களே, அடுத்து ஒரு கடிதம் வந்தால் பிரியுங்கள். வீட்டுப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு எண் இருக்கிறதா, வருமான வரிச் சலுகைக்கான ரசீது தருவார்களா என்று கேளுங்கள். திருப்தியானால், முடிந்ததைக் கொடுங்கள். நடுவர் அவர்களே, எங்கள் அணிக்கே தீர்ப்புச் சொல்லுங்கள்.