கந்தப்பனின் பேரன்



அயோத்திதாசப் பண்டிதரைப் பத்திரிகையாளர், பௌத்தர், சித்த மருத்துவர்னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. நான் அவரை ஒரு வீட்டு மனுஷனா நினைவுபடுத்த வந்திருக்கேன். அவர் ஒரு கிழவருக்குப் பேரன், ஒரு பெண்ணுக்குப் புருஷன், பிள்ளைகளுக்குத் தகப்பன்.

முதல்ல பாட்டன். கந்தப்பன், ஹாரிங்டன் துரை வீட்டில் பட்லர். திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளைத் துரையிடம் கொடுத்தவர் அவர்தான். அவை எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இதைப் பண்டிதரே எழுதி வைத்திருக்கிறார். சமையல்கட்டில் நின்றவர் வீட்டில் குறள் இருந்திருக்கிறது! சேரிக்கு எழுத்து யாரோ போட்ட பிச்சைன்னு சொல்றவங்களுக்கு இது போதும். பேரன் எழுதாமல் விட்டிருந்தால் கந்தப்பன் என்ற பேரே மண்ணோடு போயிருக்கும்.

அந்தப் பேரன் 1845 மே 20-இல் பிறந்த காத்தவராயன். பாடம் சொன்ன ஆசிரியரின் பேரையே தன் பேராக்கிக் கொண்டார். அவர் மனைவி தனலட்சுமி அம்மாள், இரட்டைமலை சீனிவாசனின் உடன்பிறந்தவர். சீனிவாசன் பேரை எல்லா மேடையிலும் சொல்றோம். இந்த அம்மா பேரை எத்தனை மேடையில சொல்லியிருக்கோம்?

பிள்ளைகளுக்கு மாதவராம், பட்டாபிராமன், ஜானகிராமன், இராசாராம்னு பேர் வெச்சார். அப்படி ராமன் பேரை வீடு முழுக்க வெச்ச தகப்பன், 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எங்களுக்கும் கோயில் நுழைவு வேணும்னு கேட்டார். விஷ்ணுவும் சிவனும் உங்க சாமி இல்லை, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்குன்னு பதில் வந்தது. அந்தச் சொல் ஒரு தகப்பன் நெஞ்சில் எப்படித் தைத்திருக்கும்! அவர் அழவில்லை. அப்படியானால் உங்கள் சாமி வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரை இலவசப் படிப்பும், தரிசு நிலமும் கொடுங்கள் என்றார்.

1894-இல் அடையாறு ஊரூர்ப் பக்கம் ஆல்காட்டின் இலவசப் பள்ளி எழுந்தது. பின்னால் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூரிலும் நம்ம பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குப் பேர் திருவள்ளுவர். கந்தப்பன் கொடுத்த ஏடு ஞாபகத்துக்கு வருதா?

1898-இல் பண்டிதர் இலங்கை போய்ப் பௌத்தம் ஏற்றார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. 1914 மே 5-இல் அவர் இறந்தபோது பத்திரிகை அவரோடு சாகவில்லை. மகன் பட்டாபிராமன் கொஞ்ச காலம் நடத்தினார். 1926-இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதை மறுபடி எழுப்பினார். பழைய இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட முடிந்தது. நூலகம் மறந்ததை நம்ம ஆளுங்க பெட்டி காப்பாத்திச்சு.

2023-இல் கிண்டியில் அரசு மணிமண்டபம் திறந்தது. நல்லது. ஆனால் கல் மட்டும் போதாது.

தோழர்களே, உங்கள் பாட்டன் பேர் தெரியும். அவருடைய பாட்டன் பேர் தெரியுமா? இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். பேர், செய்த வேலை, எதுவரை படித்தார், படிப்பு எதனால் நின்றது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டி பேரை முதலில் எழுதுங்கள். நம்ம வரலாற்றை வேறு எவனும் எழுதித் தரமாட்டான்.

ஜெய் பீம்.