கல்கி முழுநேர எழுத்தாளரான வழி



முழுநேர எழுத்தாளர் என்னும் சொல், வேறு தொழில் எதையும் சாராமல் எழுத்தின் வருவாயைக் கொண்டே குடும்பம் நடத்துபவரைக் குறிப்பதாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இந்தப் பொருளில் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதித் தமிழகத்தில் அப்பெயருக்கு உரியவர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும், வரலாற்றுப் புனைவை, அதாவது கல்வெட்டும் செப்பேடும் தரும் மனிதரையும் நிகழ்ச்சியையும் அடித்தளமாகக் கொண்டு கற்பனையால் எழுப்பப்படும் கதையை, எண்ணற்ற இல்லங்களின் வாராந்திர எதிர்பார்ப்பாக மாற்றிய ரா. கிருஷ்ணமூர்த்தி எனும் கல்கியின் வாழ்க்கை, இளைஞர்கள் பட்டம் பெற்றுத் தொழிலைத் தேர்ந்தெடுக்கும் இந்நாளில் நெருங்கிப் பார்க்கத் தக்கது. எழுத்தே தொழிலாக இருக்கும் இடத்தை இருபது ஆண்டுகள் தேடி, ஒவ்வோர் இடத்திலும் ஒரு திறனைக் கற்று, இறுதியில் அத்தகைய இடத்தை நண்பரோடு சேர்ந்து தாமே அமைத்துக்கொண்டார் என்பதில்தான் அவ்வாழ்க்கையின் தனித்தன்மை அடங்கியிருக்கிறது.

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அரசுசார் கல்வி நிலையங்களையும் நீதிமன்றங்களையும் புறக்கணிக்குமாறு காந்தி விடுத்த ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, 1921இல், பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்த வேளையில் படிப்பைத் துறந்தார். அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனையும் பெற்றார். பட்டமளிப்பு மேடையில் பள்ளிச் சான்றிதழும் பெறாத ஒருவரை எடுத்துக்காட்டுவது பட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. அவர் துறந்தது சான்றிதழைத்தான். படிப்பை அவர் ஒரு நாளும் கைவிடவில்லை என்பதற்கு, பின்னாளில் அவர் நாவல்களுக்காகத் தேடிப் படித்த வரலாற்று நூல்களே சான்று.

சிறையிலிருந்து வந்தபின் திருச்சியில் காங்கிரஸ் அலுவலகத்தில் பணியாற்றிய அவர், 1923இல் திரு.வி.க. ஆசிரியராக இருந்த ‘நவசக்தி’ இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். துணையாசிரியர் என்பவர், வந்த செய்தியையும் கட்டுரையையும் திருத்தி, தலைப்பிட்டு, மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்புபவர். பெயர் வெளியே தெரியாத இவ்வேலையில்தான் ஒரு வாக்கியம் எங்கே தளர்கிறது என்பதைக் கண் பழகிக்கொள்கிறது. பின்னர்த் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் தங்கி, மதுவிலக்குப் பரப்புரைக்காக 1929இல் தொடங்கப்பட்ட ‘விமோசனம்’ இதழுக்கு எழுதியது மற்றொரு பயிற்சி. பிறர் வாசிக்கக் கேட்பவருக்கும் கருத்து சென்று சேர வேண்டியிருந்ததால், எளிமை அங்கே அழகுக்காகச் சேர்க்கப்பட்ட ஒன்றாக இல்லாமல் கடமையாகவே இருந்தது. கல்கி நடையின் தெளிவு பிறவிப் பேறு என்று சொல்வது வழக்கம். அது பத்தாண்டு மேசை வேலையின் விளைவு என்று கொள்வதே பொருத்தம்.

1928இல் ‘ஏட்டிக்குப் போட்டி’ என்ற நகைச்சுவைக் கட்டுரை வழியாக ‘ஆனந்த விகட’னில் அறிமுகமான அவர், 1930களின் தொடக்கத்தில் எஸ்.எஸ். வாசனின் அவ்விதழில் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். தலையங்கம், பயணக் கட்டுரை, ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை, நாடக விமர்சனம், ‘கள்வனின் காதலி’, ‘தியாக பூமி’ போன்ற தொடர்கதைகள் என அவர் எழுதாத வகை இல்லை எனலாம். ஆயினும் இக்காலத்து நாவல்களுள் வரலாற்று நாவல் ஒன்றும் இல்லை. 1941இல் விகடனை விட்டு விலகி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மூன்று மாதம் சிறையிருந்து திரும்பியபின், அதே ஆண்டு ஆகஸ்டில் நண்பர் டி. சதாசிவத்துடன் இணைந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கிய பின்னரே முதல் வரலாற்று நாவலான ‘பார்த்திபன் கனவு’ பிறந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அவ்விதழுக்கு வேண்டிய முதல், சதாசிவத்தின் மனைவியான பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ திரைப்படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணத்திலிருந்து வந்தது. எழுத்தாளரின் சுதந்திரத்தைப் புகழும்போது, அச்சுதந்திரத்துக்கான பணத்தை உழைத்து ஈட்டித் தந்த அந்தப் பாடகியின் பெயரை விட்டுவிடுவது நியாயமாகாது.

வரலாற்றுப் புனைவாசிரியர் சான்றுகளைக் கையாளும் விதத்தை விளங்கிக்கொள்ள, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலின் கல்வெட்டு ஒன்றைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. சோழ மன்னன் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு அரசாணையைக் கூறும் அக்கல்வெட்டு, அடிப்படையில் ஒரு நில ஆவணம்: பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்களின் நிலமும் அவர்தம் உறவினரின் உடைமையும் ஊர்ச் சபை வழியாக விற்கப்பட்டதையும், அந்நிலத்தை வாங்கியவர் அதை அறத்துக்கு வழங்கியதையும் அது பதிவு செய்கிறது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகிய பெயர்கள், நிலத்தின் முன்னைய உடைமையாளரைக் குறிக்கும் தேவையினால் மட்டுமே அதில் இடம்பெறுகின்றன. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், எவ்விடத்தில் நிகழ்ந்தது என்பது பற்றி அது ஒன்றும் கூறவில்லை. வரலாற்றாசிரியர் அங்கே நின்றுவிடக் கடமைப்பட்டவர். புனைவாசிரியர் அங்கிருந்து புறப்படுகிறார். வீரபாண்டியன் தலை கொண்டவன் என்பது கரிகாலனுக்கு வழங்கிய சிறப்புப் பெயர் என்பதால், அத்தலைக்குப் பழி வாங்க வந்த பாண்டிய ஆபத்துதவிகளாக, அதாவது மன்னனின் உயிர் காக்க உறுதி பூண்ட மெய்காவலர்களாக, ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் கல்கி அக்கொலையாளிகளைப் படைத்து, அவர்களுக்கும் அரண்மனைக்கும் இடையே நந்தினி என்ற முற்றிலும் கற்பனையான பெண்ணை நிறுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசனின் தமக்கை குந்தவையின் கணவர் என்ற அளவில் அறியப்படும் வந்தியத்தேவன், அவர் கையில் குறும்பும் துணிவும் மிக்க இளைஞனாக எழுந்து, ஆடிப் பதினெட்டாம் நாளில் வீரநாராயண ஏரிக் கரைமேல் குதிரையில் வருகிறான். அந்த ஏரியை அடுத்த ஊரில்தான் மேற்சொன்ன கல்வெட்டும் இருக்கிறது. கொலையாளிகளின் பெயர் பொறித்த ஊரின் அருகே கதையைத் தொடங்கியதில் அவர் கொண்டிருந்த ஆழ்ந்த வரலாற்றுணர்வு வெளிப்படுகிறது.

‘சிவகாமியின் சபதம்’ எழுதியபோதும் இம்முறையே பின்பற்றப்பட்டது. பல்லவத் தளபதி பரஞ்சோதி வாதாபியை அழித்த செய்தியைப் பெரியபுராணம் தருகிறது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் வெற்றியை வாதாபிப் பாறைக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. கதைத்தலைவியான சிவகாமியை மட்டும் எந்தக் கல்வெட்டும் தரவில்லை.

தொடர்கதை என்பது, முழுதும் எழுதி முடிக்கப்படுவதற்கு முன்பே பகுதி பகுதியாக இதழில் வெளிவருவது. அச்சேறிய அத்தியாயத்தை ஆசிரியர் திரும்பப் பெற்றுத் திருத்த இயலாது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வெளிவந்தது. ஐந்து பாகங்களிலும் சேர்த்து 293 அத்தியாயங்கள் உள்ளன. சராசரியாகக் கணக்கிட்டால் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயத்துக்கும் மேலாகிறது. இதனோடு தலையங்கமும் கட்டுரைகளும் விமர்சனமும் எழுதிக்கொண்டு, கதை நிகழும் இடங்களைக் காண ஓவியர் மணியத்துடன் பயணமும் மேற்கொண்டார் என்பதை நினைவில் கொண்டால், நாவலின் சில இடங்களில் தென்படும் நீட்சியையும் கூறியது கூறலையும் குறையாகச் சுட்டும் திறனாய்வாளர் சொல்வது உண்மையாயினும், அவ்வேகத்தில் அத்தனை கதைமாந்தரையும் நூல் அறாமல் நடத்திச் சென்ற உழைப்பு வியப்பளிக்கிறது. அடுத்த இதழ் வரும் வரை வாசகரைக் காக்க வைக்கும் வகையில் அத்தியாயத்தை முடிக்கும் கலை, ஆசிரியர் மேசையில் இருபது ஆண்டு அமர்ந்தவருக்கே இவ்வளவு இயல்பாகக் கைகூடும்.

இவ்வழி எல்லார்க்கும் திறந்திருந்தது என்று கூறுவதற்கில்லை. கல்கியின் காலத்திலேயே வாழ்ந்து, ‘மணிக்கொடி’ வழியே தமிழ்ச் சிறுகதையைப் புதிய உயரத்துக்குக் கொண்டுசென்ற புதுமைப்பித்தன், பத்திரிகை வேலையும் திரைப்பட வேலையும் பார்த்தும் வறுமையிலிருந்து மீளாமல், காசநோயுற்று, 1948இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். கல்கி தம் முதல் வரலாற்று நாவலைத் தொடங்கிய வயதும் அதுவே. பெருந்திரளான வாசகரை நோக்கி எழுதியவருக்கு இதழ் வாழ்வளித்தது. சிலரே வாசித்த எழுத்துக்கு அன்று யாரும் வாழ்வளிக்கவில்லை. எழுத்தையே தொழிலாகக் கொள்ள எண்ணும் பட்டதாரி, இவ்விருவரின் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ 1954 மே மாதத்தில் நிறைவெய்தியபின், கதைமாந்தர் சிலர் பின்னர் என்ன ஆயினர் என்ற வாசகரின் கேள்விகளுக்கு முடிவுரை எழுதி விடையளித்த கல்கி, ஓய்வு கொள்ளாமல் ‘அமர தாரா’ என்ற அடுத்த தொடரில் இறங்கினார். அத்தொடர் வந்துகொண்டிருக்கையிலேயே, டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார். எஞ்சிய அத்தியாயங்களை, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு, மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.