காலிமுகத்திடலில் ஒரு நடை

கொழும்பிலே கடலைக் காண விரும்புவோர் காலிமுகத்திடலில் நடந்தே செல்லவேண்டும். 1864 ஆம் ஆண்டு தோன்றிய ஹோட்டல் தென்கோடியில் நிற்கிறது. அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் இடப்புறம் அலைகள். வலப்புறம் பட்டம் விடும் சிறுவர். இறால் வடையின் மணத்தைத் தாண்டிச் செல்வதுதான் எளிதன்று!

இவ்வுலாவிடத்தை அமைப்பித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், 1859 இல் பணி நிறைவுற்றபோது, நகரத்துப் பெண்கள், குழந்தைகள் நலன் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை நினைவுக்கல் மூலம் கேட்டுக்கொண்டார். திடல் தப்பியது; கடல் தப்பவில்லை. 2014 இல் தொடங்கிய துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் கடல் நிரப்பப்பட்டமையால், வடக்கே செல்லச் செல்ல நீர்ப்பரப்பு விலகிவிடுகிறது.

பழைய பாராளுமன்றத்தைக் கடந்து வெளிச்சவீட்டை அடையுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தில் எரிந்த முன்னைய விளக்கைக் கட்டடங்கள் மறைத்தமையால், 1952 இல் கடலோரத்தில் இதனை எழுப்பினார்கள். இப்பொழுது இதன் முன்னாலும் புதுநிலம் வந்துவிட்டது. அங்கு அதிகநேரம் நில்லாது, மாலை மங்குமுன் திடலின் தென்புறத்துக்கே திரும்பிவிடுங்கள். கதிரவன் கடலில் மறைவதை அங்கே இன்னமும் காணலாம்.