டாக்டர் வீட்டுக் காப்பு



பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க விரும்பாத பெற்றோர் நம் காலனியில் அரியர். எம்.பி.பி.எஸ். படிப்பு பயிற்சியுடன் ஐந்தரை ஆண்டுகள். மேற்பட்டம் இன்னும் மூன்று. வருவாய் தொடங்குவதற்குள் முப்பது வயது நெருங்கிவிடுகிறது. சொந்தக் கிளினிக் வைப்பவருக்குப் பென்ஷன் இல்லை. அவர் படுத்தால் வருவாயும் படுத்துவிடும். கருவிகளுக்கு வாங்கிய கடன் மட்டும் படுப்பதில்லை.

நம்மிடையே வாழ்ந்த டாக்டர் ஒருவர் திடீரென மறைந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தோருடன் கடன் கொடுத்தவரும் வந்திருந்தார். அவ்வம்மையாரின் முகத்தை நாம் மறக்கவில்லை. ஊரையும் சுற்றத்தையும் விட்டுத் தில்லிக்கு வந்த நமக்குச் சேமிப்பினும் முந்தியது காப்பு.

கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டதே என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டு வழக்கு கைராசிக்காரரையும் விடாது. ஆகவே தொழில் பொறுப்புக் காப்பீடு இன்றியமையாதது.

மற்றொன்று பலர் அறியாதது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டம், ஆறாம் பிரிவின்படி, கணவர் தம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை மனைவி மக்களின் நன்மைக்கென்றே எடுக்கலாம். அத்தொகை அவர்களுக்கே உரியதாகிவிடும். கடன் கொடுத்தவர் தொட இயலாது. ஏமாற்றும் கருத்துடன் எடுத்ததாயின் இச்சலுகை இல்லை, அது நியாயமே. பாலிசி எடுக்கும்போதே இதனைக் குறிப்பிடல் வேண்டும்.

இளம் டாக்டர்கள் இன்றிரவு பாலிசிப் பத்திரத்தை எடுத்து, துணைவியாருடன் அமர்ந்து ஒருமுறை படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.