பிறழாத சாட்சியைப் பாதுகாப்போம்

(சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோர் பையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. வன்கொடுமை வழக்கில் அந்தப் போன் எப்படிச் சாட்சியாகிறது, எதனால் கெட்டுப்போகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கோகுல்ராஜ் வழக்கு உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்து ஓமலூர்ப் பிள்ளை. பொறியியல் படித்தவர். 2015 ஜூன் 23 அன்று தன்னோடு படித்த பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார், கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்டுக் கிடந்தார். தற்கொலை என்று காட்டுவதற்காக மிரட்டிக் கடிதம் எழுத வைத்தார்கள். சாகப்போவதாகப் பேசவைத்துப் படமும் எடுத்தார்கள். முதல் குற்றவாளியான தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பினார். அந்த நேரத்தில் தொழில்நுட்பம் முழுக்க அவர்கள் கையில் இருந்தது.

விசாரணை தொடங்கியதும் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். மாஜிஸ்திரேட் முன்பு வாக்குமூலம் கொடுத்திருந்த அந்தப் பெண்ணே பிறழ்ந்தார். பிறகு உயர் நீதிமன்றம் அழைத்து, கோயில் காமிரா பதிவைப் போட்டுக் காட்டியபோதும் “அது நான் இல்லை” என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். சாதி அந்த வீட்டுக்குள்ளும் காவல் இருக்கிறது.

ஆனால் காமிரா பிறழவில்லை. எதிர்த்தரப்பு அந்தப் பதிவின் நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்டது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் திருச்செங்கோடு மலைக்கே வந்து காமிரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்குக் கொடுத்த சாகும்வரை சிறைத் தண்டனையை 2023 ஜூன் 2 அன்று உறுதி செய்தார்கள்.

கோயில் காமிரா இருந்ததால் இது நடந்தது. நம் தெருவில் காமிரா ஏது? போன்தான் உண்டு. அதனால் சிலவற்றை மனதில் வையுங்கள்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டிய ஆடியோ வந்தால், ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். யாரும் தயாரிக்கலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார். ஆடியோ வந்த போனே அசல் ஆதாரம்.

போலீஸ் போனை வாங்கினால் மகஜரில் அதன் 15 இலக்க ஐஎம்இஐ எண் எழுதப்பட்டதா என்று பாருங்கள். நெட்வொர்க்கைத் துண்டித்து, உறையில் போட்டு சீல் வைக்கச் சொல்லுங்கள். இணைப்பில் இருக்கும் போனில் வெளியிலிருந்தே பதிவுகளை அழிக்க முடியும். ஆய்வகத்தில் அசலைத் தொடாமல் பிரதி எடுத்துத்தான் ஆராய வேண்டும். அந்தப் பிரதிக்கு ஹாஷ் என்றொரு எண் உண்டு. கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும்.

முன்பு இந்திய சாட்சியச் சட்டம் 65பி பிரிவில் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவு வந்துவிட்டது. இப்போது சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் எழுத வேண்டும். நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் போனால், உண்மையான ஆடியோவின் பிரதியும் கோர்ட்டில் செல்லாது.

கடை, பெட்ரோல் பங்க் காமிராக்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். சில வாரத்தில் போய்விடும். சம்பவம் நடந்த அன்றே, பதிவைக் கைப்பற்றச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

நம் பெண்பிள்ளைகள் போனைக் கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. போனில் அவர்களுடைய வாழ்க்கையே இருக்கிறது. வழக்குக்கு வேண்டிய தேதிகளையும் எண்களையும் மட்டும் எடுக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். அந்த மனுவைப் போட வழக்குரைஞரைத் தேடித் தருவது இயக்கத்தின் வேலை.

கோகுல்ராஜின் தாயார் எட்டு ஆண்டுகள் கோர்ட்டுப் படியேறினார். அடுத்த தாய் அப்படிப் படியேறும்போது அவர் கையில் ஆதாரம் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.