பட்டாளம் முடிந்து ஊருக்கு வருதல்

(போடிநாயக்கனூரில் இமானுவேல் சேகரன் நினைவுநாள் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் 11 வந்தால் நம்ம தெருச் சுவரெல்லாம் இமானுவேல் சேகரன் படம் ஏறிவிடுகிறது. படத்துக்குப் பக்கத்தில் சிங்கத்தைப் போடுகிறோம், வாளைப் போடுகிறோம். அவர் ஒரு பட்டாளத்துக்காரர் என்பதைப் பெரும்பாலும் போடுவதில்லை. போட்டாலும் ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

1924இல் முதுகுளத்தூர் பக்கம் செல்லூரில் பிறந்தவர். அப்பா வேதநாயகம் வாத்தியார். 1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1945இல் ராணுவத்தில் சேர்ந்தார். திரும்பி வந்து இரட்டைக் குவளைக்கு எதிராக நின்றார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று முடியவில்லை. இது உங்களுக்குத் தெரியும். ஆனால் ராணுவத்தில் இருந்து ஊருக்குத் திரும்புகிற ஒரு சேரி ஆளுக்கு என்ன நடக்கும் என்று நாம் யோசித்திருக்கிறோமா? எனக்கு அது என் தாத்தா மூலமாகத்தான் தெரியும்.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பாலம் போடுகிற, பாதை போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற படை. அந்தப் படை ஆட்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. பர்மா வரைக்கும் போய்விட்டு 1946இல் திரும்பினார். போடிக்கு ரயில் 1928இலேயே வந்திருந்தது. ஆனால் யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் மதுரையில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக்கு நடந்திருக்கிறார். ஊர்த் தெரு முக்கு வந்ததும் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பூட்ஸைக் கழட்டினார். ரெண்டு கயிற்றையும் முடிச்சுப் போட்டு, தோளில் கூடத் தொங்கவிடாமல், பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்காலோடு தெருவைக் கடந்தார். யாரும் அவரைக் கழட்டச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லையே.

அப்புறம் மலைக்கு வேலைக்குப் போனார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காவல். அங்கே பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஏலச்செடிக்கு நிழலும் ஈரமும் வேணும், ஈரம் இருந்தா அட்டை இருக்கும், அட்டை கடிச்சா காவக்காரன் வேலை பார்க்க மாட்டான். அதனால் முதலாளியே போட்டுக்கச் சொல்லுவார். சம்பளத்தன்றைக்கு இறங்கி வரும்போது மறுபடி கழட்டணும். மலையில பூட்ஸு, ஊருல வெறுங்காலு. இப்படியே இருபது வருசத்துக்கு மேல ஓட்டியிருக்காரு மனுசன். எனக்கு விவரம் தெரிந்தபோது தோல் உரிந்த ஒற்றை பூட்ஸ் மட்டும் விட்டத்தில் தொங்கியது. மெடலை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

கல்லூரியில் படிக்கும்போது எனக்குத் தாத்தா மேல் கோபம். ஜப்பான்காரன் குண்டுக்குக் கழட்டாத பூட்ஸை இந்த ஊருக்கா கழட்டினார் என்று. கோழை என்றே ஒரு கவிதை எழுதினேன். நல்ல வேளை, எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

இது தாத்தா ஒருத்தர் கதை மட்டும் இல்லை. 1818 ஜனவரி 1, கோரேகான். கம்பெனிப் படையில் நின்று பேஷ்வா படையோடு மோதிய மகர் சிப்பாய்கள். அங்கே வெள்ளைக்காரன் நட்ட தூணில் செத்தவர்கள் பெயராக 49 பொறித்திருக்கிறது. அதில் 22 மகர்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்குப் போனார். அவரே பட்டாளத்து வீட்டுப் பிள்ளை. அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார், ராணுவப் பள்ளியில் தலைமையாசிரியர். ராணுவம் நமக்குக் கொடுத்ததில் துப்பாக்கியைவிடப் பெரியது அந்தப் பள்ளிக்கூடம்தான் என்பேன். ஆனால் அதே வெள்ளைக்காரன் 1890களில் மகர்களை எடுப்பதை நிறுத்தினான். 'வீர இனம்' என்று ஒரு தத்துவம். சென்னை ராணுவத்துக்குத் தளபதியாக இருந்துவிட்டுப் போன ராபர்ட்ஸ் பிரபுதான் அதற்குப் பெரிய வக்கீல். தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்றார். மகர் ரெஜிமெண்ட் வர 1941 ஆக வேண்டியிருந்தது. சண்டை வந்தால் நாம் வீரர்கள், சண்டை முடிந்தால் தீண்டத்தகாதவர்கள். யாருக்காகச் சண்டை போட்டோம் என்ற கேள்வியும் இருக்கிறது, அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. கம்பெனிக்காகச் செத்தவர்களைக் கொண்டாடுவதா என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அம்பேத்கர் அங்கே போனது கம்பெனிக்குக் கும்பிடு போட இல்லையே. உங்களால் முடியும் என்பதற்கு இதோ கல்லில் சாட்சி என்று காட்டப் போனார்.

இனி முதுகுளத்தூருக்கு வருவோம். 1957இல் இடைத்தேர்தலை ஒட்டிக் கலவரம். செப்டம்பர் 10 அன்று கலெக்டர் சமாதானக் கூட்டம் கூட்டுகிறார். முத்துராமலிங்கத் தேவர் வந்திருந்தார், இமானுவேலும் வந்திருந்தார். அந்த அறையில் இமானுவேல் எழுந்து நிற்கவில்லை, சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேசினார் என்றுதான் நம் ஆட்கள் வாய்வழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மறுநாள் இரவு கொலை. தேவர் மீது போடப்பட்ட வழக்கு 1959இல் விடுதலையில் முடிந்தது.

இமானுவேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், என் தாத்தா பூட்ஸைக் கழட்டினார். ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பட்டாளம்தான். ஒருத்தர் வீரர், இன்னொருத்தர் கோழையா? எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. இமானுவேல் தனியாக உட்காரவில்லை. ஊர் ஊராகப் போய், டீக்கடை டீக்கடையாகப் போய், ஆட்களைச் சேர்த்து அமைப்பு கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் கட்டியது ஒடுக்கப்பட்டோர் அமைப்பு, ஒரு சாதிச் சங்கம் இல்லை. (அவர் படத்தை ஒரே சாதிக் கொடிக்குள் சுருட்டிவிட்டது நாம்தான், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) என் தாத்தாவுக்குப் பின்னால் பத்துப் பேர் இருந்திருந்தால் அந்தத் தெரு முக்கில் அவர் குனிந்திருப்பாரா?

இதை இங்கே போடியில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1989 செப்டம்பர் கலவரம் உங்கள் அம்மா, அப்பாக்களுக்குத் தெரியும். என் அம்மா அப்போது கலியாணமான புதுசு. மூன்று ராத்திரி ஏலக்காட்டு ஸ்டோரில் ஒளிந்து கிடந்ததை இப்போதும் மெதுவான குரலில்தான் சொல்லுவார். 2011 செப்டம்பர் 11 அன்று இமானுவேல் நினைவிடம் இருக்கிற பரமக்குடியிலேயே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் செத்தார்கள். அஞ்சலி செலுத்தப் போன ஊரில். அதற்கு முந்தைய வருஷம்தான், 2010இல், அவருக்குத் தபால்தலை வந்திருந்தது. 2023இல் மணிமண்டபம் அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, வரட்டும். ஆனால் 'தியாகம்' என்று மேடையில் யார் சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. எப்போதும் நம் பிள்ளையிடம்தானே கேட்கிறார்கள் அதை. செத்த விதத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பையன்கள் சாவைத்தான் கற்றுக்கொள்வார்கள். அவர் எப்படி ஆள் சேர்த்தார், மனு எழுதினார், அதிகாரி முன்னால் எப்படிப் பேசினார் என்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

விடிகாலை ஐந்து மணிக்கு மலைக்குப் போகிற ஜீப்புகளில் நம்ம பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு காய் எடுக்கப் போகிறார்கள். அதே நேரத்தில் அதே ரோட்டு ஓரத்தில் நம்ம பையன்கள் ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருஷம்தான் வேலை. நான்கில் ஒருவரைத்தான் மேலே வைத்துக்கொள்வார்கள். மற்ற மூன்று பேர் இருபத்திச் சொச்சம் வயதில் பென்ஷன் இல்லாமல் இதே தெருவுக்குத் திரும்பி வரவேண்டும். அந்த மூன்று பேர் யாராக வருவார்கள்?

போன மாதம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, திரும்பி வந்தா இங்க என்ன வேலண்ணே இருக்கு?" எஸ்டேட் காவல் இருக்கிறது, ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி இருக்கிறது, வங்கியில் வேலை பார்க்கிற எனக்கு அதுதான் சட்டென்று தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஓடு, நல்லா ஓடு, தேர்வாகிப் போ. போறதுக்கு முன்னாடி நம்ம தெருவில் இருந்து பட்டாளத்துக்குப் போனவங்க பேரையெல்லாம் எழுதி வைப்போம். உயிரோட இருக்கிறவங்ககிட்ட உட்கார்ந்து கேட்போம், செத்தவங்க வீட்டுல டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தா தேடுவோம், கணவனை இழந்த பாட்டிமார்களுக்கு உதவித்தொகை மனு எழுதிக்கொடுப்போம். நீ திரும்பி வரும்போது தெரு முக்கில் நாங்க பத்துப் பேர் நிற்போம் என்றேன்.

இதுவரைக்கும் பதினேழு பேர் கிடைத்திருக்கிறது. சாக்குப்பைக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு புத்தகத்தில் கரையான் பாதி தின்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஓட்டம் முடிந்ததும், படிப்பகத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டில் யார் போனார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நோட்டு என்னிடம் இருக்கிறது.