கதவு எங்கே இருக்கு?



1977-இல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டு வந்தது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதையை நடத்துவார்கள். பெட்டிக்குள் மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்கள். அட்டையில் படமே கிடையாது! பிற்பாடுதான் வில்லியம் கீத் போன்ற ஓவியர்கள் அந்த உலகத்துக்கு உருவம் கொடுத்தார்கள்.

கப்பலின் தள வரைபடத்தில் ஒரு கட்டம் என்றால் ஒன்றரை மீட்டர். "சும்மா படம்தானே"ன்னு கதவை இடம் மாற்றிப் போட்டால், ஆட்டத்தில் ஒருத்தன் தப்பிக்க வழியில்லாமல் செத்துப்போவான். பார்த்து ரசிக்கிற படம் வேறு. உள்ளே புகுந்து நடமாடுகிற படம் வேறு.

மாணவர்களே, அழகாக வரையுங்கள். அதற்கு முன்னால், கதவு எங்கேன்னு யோசியுங்கள்.